மாமாவின் போட்டோ வேண்டும், காக்கா

பிரஸ்டன், இங்கிலாந்து,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? தொதல் வந்து சேர்ந்தது, பாதியை ரூம்காரர்களே முடித்துவிட்டார்கள். இங்கே மழையும் கிட்டங்கி வேலையும் அப்படியேதான். போனில் சொன்னால் நீங்கள் "சரி சரி" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று கூட வேலை பார்க்கும் பெரியவர் தன் பேட்டையின் கால்பந்து கிளப்புக்குக் கூட்டிப்போனார். நம் வீட்டு முற்றத்தைவிடக் கொஞ்சம் பெரிய கட்டடம். டீ வாங்கப் போகும் வழியில் சுவர் முழுக்கப் படங்கள். வருஷத்துக்கு ஓரிருவரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வீட்டாரைக் கூப்பிட்டு, கைதட்டி மாட்டுகிறார்கள். டிவியில் வந்த முகம் ஒன்றுகூட இல்லை. பொடியன்களுக்குக் காலமெல்லாம் சொல்லிக்கொடுத்த கோச், ஜெர்சி துவைத்துப்போட்ட பாட்டி, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட ஆள், இப்படித்தான். நேற்று ஏறியது செத்துப்போன ஒரு கோச்சின் படம். பேச எழுந்த அவர் மகள் இரண்டு வரி தாண்டவில்லை, அழுதுவிட்டார்.

இந்த ஊருக்கே அது பழக்கம்போல. டாம் ஃபின்னி என்று ஒருவர், இங்கிலாந்துக்காக 76 ஆட்டம், 30 கோல். லீக் ஆட்டமெல்லாம் பிரஸ்டனுக்கு மட்டும்தான். தொழில் என்ன தெரியுமா? உங்கள் தொழில், பிளம்பர்! ஸ்டேடியத்துக்கு வெளியே அவருக்குச் சிலை இருக்கிறது, தண்ணீரில் சறுக்கிக்கொண்டே பந்தைத் துரத்துகிற மாதிரி. பார்த்ததும் நம் ஊர் படகு ஜெட்டி ஓரம் அலையில் விழுந்து புரண்டதுதான் ஞாபகம் வந்தது.

இன்னொன்று. 1917இல் இங்கே ஒரு ஃபேக்டரிப் பெண்கள் டீம் கட்டினார்கள். கூட்டம் ஆயிரக்கணக்கில் வந்தது. 1921இல் கால்பந்துச் சங்கம், தன் கிளப்புகளின் மைதானத்தில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது. அது விலக ஐம்பது வருஷம்போல ஆனது. அந்த டீமில் ஆடிய லில்லி பார், 2002இல் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் புகழ்பெற்றோர் வரிசையைத் தொடங்கியபோது அதில் இடம்பிடித்த ஒரே பெண். சின்னவளைப் பந்தைத் தொடாதே என்று திட்டினீர்களாமே, உம்மா சொன்னார்கள். சரி, அதை ஊருக்கு வரும்போது பேசிக்கொள்வோம்.

நான் கேட்க வந்தது நம் விசில் மாமாவைப் பற்றி. லாஞ்சில் இருந்து இறங்கி, மீன் வாடை போகாத கையோடு விசிலை ஊதிக்கொண்டு கடற்கரைக்கு வருவாரே. கச்சான் காற்று அடிக்கும்போது "பந்தைத் தூக்காதே, தரையோடு தள்ளு" என்று கத்துவார். உப்புத் தண்ணீர் குடித்துக் கனத்துப்போன பந்தை அவரே பிரித்துத் தைப்பார். அவரிடம் பழகிய பையன்கள் ராமநாதபுரம் வரை போய்க் கப் வாங்கி வந்தார்கள். கப் எல்லாம் யார் யார் வீட்டு அலமாரியிலோ இருக்கிறது. அவருக்கு ஒரு துண்டுகூடப் போடவில்லை. நானும்தான் போடவில்லை.

என்னிடம் நம் டீம் போட்டோ ஒன்று இருக்கிறது, நீங்கள் கோலி கையுறையோடு நடுவில் நிற்பீர்கள். வலது ஓரத்தில் பந்துப் பையைப் பிடித்தபடி ஒரு கை மட்டும் தெரியும். அது மாமாவின் கை. முகம் விழுந்த படம் எதுவும் இல்லை. அவர் வீட்டில் கேளுங்கள். பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது, நிக்காஹ் படம், எதுவானாலும் சரி. பெரிதாக்குவது, ஃபிரேம் போடுவது எல்லாம் என் செலவு.

எங்கே மாட்டுவது என்று யோசித்தேன். நீங்கள் பைப் வேலை செய்துகொடுத்த ஜெட்டி டீக்கடையில் கேட்டுப்பாருங்கள். கூலி பாக்கி இன்னும் இருக்கிறதே, மாட்டேன் என்று சொல்ல மாட்டார்.

தம்பி