செவுளைத் தூக்கிப் பார்க்க விடுங்கள்

அனுப்புநர்:
ஜெராக்ஸ், பிரவுசிங் கடை உரிமையாளர்,
காசிமேடு, சென்னை.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
தேடுபொறி நிறுவனம், இந்தியக் கிளை.

நாள்: 12.11.2025

பொருள்: தேடல் முடிவுகளுக்கு மேலே வரும் ஏஐ சுருக்கத்தை நிரந்தரமாக அணைத்துவைக்க வசதி கேட்பது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் பத்தொன்பது வருஷமாகக் கடை நடத்துகிறேன். நான்கு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின். காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து ராத்திரி இறக்கும்வரை உங்கள் தேடல் பக்கம் என் கண் முன்னால் திறந்தே இருக்கும். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, வருமானச் சான்று, தேர்வு முடிவு, படகுப் பதிவு என்று யார் எதைக் கேட்டு வந்தாலும் முதலில் அங்கேதான் போவேன். கடை விளம்பரத்துக்கும் ஃபைல்களைச் சேமிக்கும் இடத்துக்கும் மாதாமாதம் உங்களுக்குப் பணம் கட்டுகிறேன். இந்த விஷயமாக ஏற்கெனவே இரண்டு முறை உங்கள் படிவத்தில் எழுதிவிட்டேன். இரண்டு முறையும் உதவிப் பக்கத்துக்கு ஒரு இணைப்பு மட்டும் வந்தது. அதைத் திறந்தால், சுருக்கம் என்பது தேடலின் அடிப்படைப் பகுதி, அணைக்க முடியாது என்று இருக்கிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். தயவுசெய்து ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

ஜூலை மாதம் ஒரு சாயங்காலம் மாற்றுச் சான்றிதழ் நகல் எடுக்க ஒரு பெண் வந்தாள். ராயபுரத்தில் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவள், அப்போதுதான் பி.காம். சேர்ந்திருந்தாள். அவள் அம்மா விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து விற்பவர். நகலை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது கேட்டாள்: "அக்கா, புதுமைப் பெண் ஆயிரம் ரூபாய் எனக்கும் வருமா?"

தட்டிப் பார்த்தேன். நான் எண்டர் அழுத்தி முடிப்பதற்குள் உங்கள் ஏஐ சுருக்கப் பெட்டி விரிந்தது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று தடித்த எழுத்தில் இருந்தது. அவளே எட்டிப் பார்த்துப் படித்தாள். "அப்போ எனக்கு வராதாக்கா?" என்றாள். பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். "ஆமாம்மா, கவர்ன்மெண்ட் ஸ்கூலுக்குத்தான் போல" என்று சொல்லிவிட்டேன்.

அந்தத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது அப்படித்தான் இருந்தது. ஆனால் 2024 டிசம்பர் 30 அன்று தூத்துக்குடியில் நடந்த விழாவில் அதை விரிவுபடுத்திவிட்டார்கள். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் உண்டு. அந்தப் பெண்ணுக்கு முழுத் தகுதி இருந்தது. கல்லூரியில் பெயர் கேட்டபோது, தனக்கு இல்லை என்று நினைத்து இவள் கொடுக்கவில்லை. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழிக்கு வங்கியில் பணம் ஏறுகிறது என்று அக்டோபரில் தெரிந்து, என் கடைக்கு வந்து நின்றாள். கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அவள் அம்மா ஒரு கூடை மீனை விற்று முடித்தால் கையில் நிற்கிற லாபம் எவ்வளவு என்று இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று ராத்திரி கடையை மூடிவிட்டு அதே கேள்வியைத் திரும்பத் தட்டினேன். பெட்டியைத் தாண்டி, விளம்பரத்தைத் தாண்டி, கீழே இறங்கினேன். விரிவாக்கம் பற்றிய செய்தி தேதியோடு நாலாவது இடத்தில் இருந்தது. உங்கள் தேடல் சரியான பக்கத்தைக் கண்டுபிடித்துத்தான் இருந்தது. அதன் தலைமேல் பழைய பதிலை ஏற்றி உட்காரவைத்தது உங்கள் சுருக்கம்.

நான் கவனிக்காமல் சொன்னது என் தப்பு. அதை அந்தப் பெண்ணிடமே ஒப்புக்கொண்டேன். ஆனால் பத்தொன்பது வருஷமாகத் தேடிப் பழகிய எனக்கே இப்படி என்றால், போனில் தேடும் அவள் அம்மாவுக்கு என்ன வழி? கையகல போனில் உங்கள் பெட்டி முதல் திரை முழுக்க நிறைந்துவிடுகிறது. அதன் கீழே பக்கங்கள் இருக்கின்றன என்பதே புதிதாக போன் எடுத்தவர்களுக்குத் தெரியாது. பியூ ஆய்வு மையம் 2025 மார்ச்சில் அமெரிக்காவில் சுமார் 900 பேரின் தேடலைக் கவனித்து அறிக்கை வெளியிட்டது. சுருக்கம் வந்த தேடல்களில் 8 சதவீதத்தில்தான் கீழே உள்ள முடிவைத் திறந்தார்கள். வராத தேடல்களில் 15 சதவீதம். சுருக்கத்துக்குள்ளேயே கொடுத்திருக்கும் இணைப்பைத் தொட்டது 1 சதவீதம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஊரிலேயே இதுதான் கதி.

தெரியாத விஷயத்தில் ஏமாந்தேன். நன்றாகத் தெரிந்த விஷயத்தில் உங்கள் சுருக்கம் என்ன சொல்கிறது என்று எனக்குக் காட்டியவன் ஒரு கல்லூரி மாணவன். பெரம்பூரிலிருந்து வந்து, மீனவர்கள் பற்றி ஏதோ ப்ராஜெக்ட் செய்துகொண்டிருந்தான். தமிழ்நாட்டு மீன்பிடித் தடைக்காலம் என்று தட்டி, வந்த பெட்டியை அப்படியே பிரிண்ட் கொடுத்தான். மெஷினிலிருந்து வந்த தாளைக் கையில் எடுத்ததும் எனக்குத் திக்கென்றது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை என்று இருந்தது. எங்கள் கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஜூன் 14 ராத்திரி இந்தத் தெருவில் யாரும் தூங்கமாட்டார்கள். ஐஸ் வண்டியும் டீசல் கேனும் வரிசைகட்டி நிற்கும். விசைப்படகுகள் கிளம்பும் சத்தம் என் வீட்டு மாடிவரை கேட்கும். பெட்டி சொன்ன தேதி மேற்குக் கடற்கரைக்கானது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்துக்கும் அதே தேதிதான் என்பதால், தமிழ்நாடு என்ற சொல்லோடு அந்தத் தேதியும் எங்கோ ஒரு பக்கத்தில் இருந்திருக்கும். இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டது. தடை விசைப்படகுக்கும் இழுவைப் படகுக்கும்தான், நாட்டுப்படகுக்கு இல்லை என்ற விவரமும் அதில் இல்லை.

"தம்பி, கொஞ்சம் நில்லுப்பா" என்று சொல்லி, மீன்வளத் துறை அறிவிப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவன் காசிமேட்டில் பிரிண்ட் எடுத்ததால் தப்பித்தான். அண்ணா நகரில் எடுத்திருந்தால் தப்பான தேதியோடு ப்ராஜெக்ட்டைக் கொடுத்திருப்பான்.

எங்கள் ஊரில் மீன் வாங்க வருகிறவர்கள் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பாக இருந்தால் இன்றைய மீன், வெளுத்திருந்தால் ஐஸில் கிடந்தது. எவ்வளவு பழகிய வியாபாரியானாலும் வாங்குகிறவர் செவுளைத் தொடுவதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். வலைப்பக்கத்துக்குச் செவுள் எது? யார் எழுதியது, எந்தத் தேதியில் எழுதியது, முகவரி அரசுத் தளமா, செய்தித்தாளா, யாரோ ஒருவர் பார்வையாளர் எண்ணிக்கைக்காகப் போட்டதா என்பதுதான். பழைய முடிவுப் பட்டியலில் இதெல்லாம் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். நீங்கள் ஐந்தாறு மீனின் தலையை வெட்டி எறிந்துவிட்டு, துண்டு போட்டு ஒரே தட்டில் கலந்து வைக்கிறீர்கள். 2022ஆம் வருஷத்துத் துண்டு எது, 2024ஆம் வருஷத்துத் துண்டு எது என்று எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்திலேயே சின்னதாகச் சங்கிலிக் குறி போட்டிருக்கிறோம் என்பீர்கள். அதைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர் என்று மேலே எழுதிவிட்டேன். ஏஐ பதில்களில் தவறு இருக்கலாம் என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி போடுகிறீர்கள். தவறு இருக்கலாம் என்று உங்களுக்கே தெரிந்த ஒன்றை எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றையும் விடப் பெரிதாக வைப்பது என்ன நியாயம்?

தப்பிக்க வழி தேடாமல் இல்லை. முடிவுகளுக்கு மேலே 'மேலும்' என்பதைத் தொட்டு, அதற்குள் ஒளிந்திருக்கும் 'வெப்' என்பதைத் தொட்டால் சுருக்கம் இல்லாமல் பக்கங்கள் மட்டும் வரும். ஆனால் அடுத்த தேடலில் திரும்பவும் பழைய கதைதான். ஒரு நாளைக்கு நூறு தேடல் செய்கிறவள், நூறு முறை இதைச் செய்ய முடியுமா? கேள்வியின் கடைசியில் கழித்தல் குறி போட்டு ஆங்கிலத்தில் ஏஐ என்று எழுதச் சொன்னார்கள். சில நேரம் வேலை செய்தது, சில நேரம் இல்லை. அதோடு அந்தச் சொல் வருகிற நல்ல பக்கங்களும் சேர்ந்து காணாமல் போயின. கடைசியில் என் தம்பி மகன் வந்து, தேடல் முகவரியின் முடிவில் 'யுடிஎம்=14' என்று சேர்த்து, நான்கு கம்ப்யூட்டரிலும் பிரவுசர் செட்டிங்கில் அதையே வழக்கமான தேடலாக மாற்றிவைத்தான். சில வாரமாக நிம்மதியாக இருக்கிறேன். பக்கம் பழைய மாதிரி வருகிறது. தேதி கண்ணுக்குத் தெரிகிறது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். சுருக்கம் இல்லாத பக்கத்தை நீங்களே கட்டி வைத்திருக்கிறீர்கள். அதற்குப் போகும் கதவுக்கு மட்டும் கைப்பிடி வைக்கவில்லை. முகவரியில் எண்ணைச் சேர்க்கத் தெரிந்த பையன் வீட்டில் இருந்தால் ஒரு தேடல், இல்லாவிட்டால் இன்னொரு தேடலா? டக்டக்கோ என்ற இன்னொரு தேடுபொறியில் செட்டிங்குக்குள் போய் சுருக்கம் வேண்டாம் என்று ஒரு முறை சொன்னால் போதும். அவர்களால் முடிகிறது, உங்களால் முடியாதா? என் கடையில் செட்டிங்கை மாற்றிவிட்டேன், ஆனால் என்னிடம் வருகிறவர்களின் போன் எல்லாம் வாங்கும்போதே உங்கள் தேடலோடுதான் வருகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. என் அக்கா வீடு எர்ணாவூரில். கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது என்று போன் வந்தது. சனங்கள் ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் ஓடினார்கள். நான் கடையில் உட்கார்ந்து தேடிக்கொண்டே இருந்தேன். வாட்ஸ்அப்பில் கண்டபடி வதந்தி. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: இதை யார் சொல்கிறார்கள், எத்தனை மணிக்குச் சொன்னார்கள். பெயரும் நேரமும் போட்ட செய்தி ஒன்று கிடைத்த பிறகுதான் அக்காவிடம் எந்தப் பக்கம் போவது என்று சொல்ல முடிந்தது. அன்றைக்கு உங்கள் பெட்டி இல்லை. அடுத்த முறை இருக்கும். நேரமும் பெயரும் இல்லாத ஒரு பதிலை நம்பி யாராவது காற்று அடிக்கிற பக்கமாகவே நடந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. இந்த வட சென்னையில் எண்ணூரிலிருந்து மணலி வரை எத்தனை தொழிற்சாலை, எத்தனை குழாய் என்று உங்கள் வரைபடத்திலேயே பார்க்கலாம்.

நான் கேட்பது ஏஐயே கூடாது என்று இல்லை. வேண்டும் என்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும். வேண்டாம் என்கிறவர்களுக்கு செட்டிங்கில் ஒரு ஸ்விட்ச் வையுங்கள். தமிழில் எழுதி, கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். ஒரு முறை அணைத்தால் அணைந்தே இருக்க வேண்டும், போனிலும் கம்ப்யூட்டரிலும், கணக்கில் நுழைந்தாலும் நுழையாவிட்டாலும். அது வரும்வரை அரசுத் திட்டம், மருந்து, விபத்து, கடைசித் தேதி பற்றிய கேள்விகளுக்காவது சுருக்கத்தை நிறுத்திவிட்டு, துறையின் பக்கத்தைத் தேதியோடு முதலில் காட்டுங்கள். புதுமைப் பெண் பதிலையும் தடைக்காலப் பதிலையும் திருத்துங்கள். இரண்டுக்கும் கட்டைவிரலைக் கீழே காட்டும் பொத்தானைப் பலமுறை அழுத்திவிட்டேன். யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. இரண்டு திரைகளின் படமும் மாணவனின் பிரிண்டும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளில், புகார் கிடைத்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், குறிப்பிட்ட நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று இருக்கிறது. இந்தப் புகாரையும் அப்படியே நடத்துங்கள். பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். பதிலைத் தமிழில் அனுப்புங்கள். உதவிப் பக்கத்தின் இணைப்பு மறுபடியும் வேண்டாம்.

அந்தப் பெண் இப்போது கல்லூரியில் பெயர் கொடுத்திருக்கிறாள். போன மாதங்களின் பணம் சேர்த்து வருமா என்று கேட்க வரும் சனிக்கிழமை அவளோடு நானும் போகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
காசிமேடு, சென்னை.