கீஸ்டோரையும் கொடுங்கள்: மதுரை ஆப் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையில் கடைகளுக்கும் மண்டிகளுக்கும் மொபைல் ஆப் செய்து தரும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கமிஷன் கடை ஒன்றில் போன வாரம் நடந்தது உங்களில் சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களும் ஊகித்துக்கொள்ளலாம், அதே பதிலை நீங்களும் யாருக்காவது சொல்லியிருப்பீர்கள்: "கீஸ்டோர் ஃபைலா? அது பழைய டெவலப்பர் லேப்டாப்ல இருந்துச்சு சார், அவர் வேலையை விட்டுப் போயிட்டார்." கீஸ்டோர் என்பது ஆப்பில் கையெழுத்திடும் ரகசியச் சாவி இருக்கும் ஃபைல்.

சர்வர் முகவரி மாறியதால் ஆப்பில் ஒரே ஒரு வரி மாற வேண்டியிருந்தது. சோர்ஸ் கோடு கடைக்காரர் கையில் இருந்தது. வரியை மாற்றி, பில்டு செய்து, புதுச் சாவியால் கையெழுத்திடுவது பெரிய வேலையில்லை. முதலில் ஃபைலைச் சீராக அடுக்கும் ஜிப்அலைன், பிறகு கையெழுத்திடும் ஏபிகேசைனர். வரிசை மாறினால் கையெழுத்து உடைந்துவிடும். ஜார்சைனர் என்ற பழைய கருவியை மட்டும் ஓட்டினால் பழைய வி1 வகைக் கையெழுத்துதான் விழும். ஆண்ட்ராய்டு 11ஐக் குறிவைத்த ஆப்பை ஆண்ட்ராய்டு 11 போன் அப்படி ஏற்காது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அத்தனையும் ஒழுங்காகச் செய்த பிறகும் போன் அப்டேட்டை ஏற்க மறுத்தது என்பதே விஷயம். பேக்கேஜ் பெயர், அதாவது போன் ஆப்பை அடையாளம் காணும் பெயர், அதேதான், கையெழுத்து வேறு.

பழைய ஆப்பை அழித்துவிட்டுப் புதியதைப் போடுங்கள் என்று சொல்லிவிடலாம். விடியுமுன் பூ மூட்டை வந்து இறங்கும்போது எடை போடுகிறவர் கையில் இருப்பது அந்தப் போன்தான். கூட்டத்தில் சிக்னல் திணறும் என்று, எடையெல்லாம் முதலில் போனிலேயே பதிவாகி, பிறகு சர்வருக்குப் போகும்படி எழுதியிருந்தார் உங்கள் ஆள். நல்ல வேலை, குறை சொல்ல முடியாது. ஆனால் பழைய சர்வர் நின்ற நாளிலிருந்து ஒரு வரிகூட மேலே போகவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த மல்லி 3 கிலோ 400 கிராம் என்பதற்கு அந்த ஒரு போனைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆப்பை அழித்தால் அந்தக் கணக்கும் போகும். பேக்கேஜ் பெயரை மாற்றி இன்னொரு ஆப்பாகப் பக்கத்தில் போட்டால் நிற்கும், ஆனால் பழைய ஆப்பின் டேட்டாவை அது தொட முடியாது. ஆண்ட்ராய்டு ஒவ்வொரு ஆப்பையும் தனி அறையில் பூட்டி வைக்கிறது. ரிலீஸ் பில்டு என்பதால் கணினியிலிருந்து போனைக் கையாளும் ஏடிபி வழியாக உள்ளே போகவும் வழியில்லை. ஆப்பின் அமைப்பு ஃபைலான மேனிஃபெஸ்ட்டில் பேக்கப்பும் அடைத்திருந்தது. கடைசியில் திரைதிரையாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நோட்டில் எழுதி, மறுபடியும் ஒவ்வொன்றாகத் தட்டினார்கள். நோட்டுக் கணக்கை ஒழிக்கத்தான் ஆப் என்று சொல்லி விற்றது நீங்கள்.

எங்கள் வேண்டுகோள் ஒன்றே. ஆப்பை ஒப்படைக்கும் அன்றே கீஸ்டோரையும் ஒப்படையுங்கள். ஜேகேஎஸ் ஃபைல் (கீஸ்டோர் அதுதான்), உள்ளே சாவிக்கு இட்ட ஏலியஸ் பெயர், பாஸ்வேர்டுகள். பென்டிரைவில் போட்டு, கடைக்காரர் முன்னாலேயே கீடூல் கருவியை ஓட்டி, சாவியை அடையாளம் காட்டும் எஸ்எச்ஏ-256 கைரேகையைக் காட்டுங்கள். போனில் ஓடுகிற ஏபிகேயை (ஆப்பின் நிறுவல் ஃபைலை) ஏபிகேசைனரில் சரிபார்த்தால் வரும் கைரேகையும் அதுவாகவே இருக்க வேண்டும். தயவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

தர மறுப்பதன் காரணமும் தெரியாமல் இல்லை. ஒரே கீஸ்டோரால் எல்லா வாடிக்கையாளர் ஆப்புக்கும் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறீர்கள். ஒருவருக்குக் கொடுத்தால் ஊருக்கே கொடுத்ததாகும். அதற்கும் வழி உண்டு. ஆண்ட்ராய்டு 9 முதல் வி3 கையெழுத்தில் சாவியை மாற்றலாம்: பழைய சாவி புதிய சாவிக்குச் சான்று தர வேண்டும், ஏபிகேசைனரின் ரொட்டேட் கட்டளை அதைத்தான் செய்கிறது. பில்டு டூல்ஸ் 33க்குப் பிறகு, சாவி மாற்றத்துக்கான குறைந்தபட்ச எஸ்டிகே 28 (அதாவது ஆண்ட்ராய்டு 9) என்று நீங்களே குறிப்பிடாவிட்டால் புதுச் சாவி ஆண்ட்ராய்டு 13 முதல்தான் செல்லும், அதைக் கவனியுங்கள். பழைய சாவியே தொலைந்துவிட்டால் இந்த வழியும் அடைபட்டது. 'தொலைஞ்சுபோச்சு' என்பதைக் குடை தொலைந்த மாதிரி சொல்லாதீர்கள்.

பிளே ஸ்டோரில் இவ்வளவு பாடு இல்லை. 2021 ஆகஸ்ட் முதல் புதிய ஆப்கள் ஏபிகேயாக இல்லாமல் பண்டிலாகத்தான் ஏறுகின்றன, ஆப் சாவியைக் கூகுள் வைத்துக்கொள்கிறது. ஏற்றும்போது நீங்கள் போடும் அப்லோடு சாவி போனாலும் கணக்கு உரிமையாளர் கேட்டால் மாற்றித் தருவார்கள். அந்தக் கணக்கு யார் பெயரில்? உங்கள் பெயரில். டொமைன் உங்கள் பெயரில், ஹோஸ்டிங் உங்கள் பெயரில், மேப் கீ உங்கள் பெயரில். பில் மட்டும் கடைக்காரர் பெயரில், ஜிஎஸ்டியோடு. மூலப்பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மனையை விற்பவரை நம் ஊரில் என்ன சொல்லித் திட்டுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

பேச்சு வேறெங்கோ போய்விட்டது, பொறுத்தருளுங்கள். கேட்பது கீஸ்டோர்தான். புதிய வேலைகளில் வாடிக்கையாளருக்கு ஒரு கீஸ்டோர் என்று வையுங்கள். பழைய வேலைகளுக்கு, அடுத்த ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு) ரசீதோடு சேர்த்துக் கொடுங்கள். பிளே கணக்கு உங்களுடையது என்றால், ஆப்பை வாடிக்கையாளர் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். பயனர்களும் ரேட்டிங்கும் அப்படியே கூட வரும்.

அந்தப் பழைய டெவலப்பரின் லேப்டாப் இன்னும் ஆபீஸ் அலமாரியில் கிடந்தால், ஃபார்மட் செய்யும் முன் ஜேகேஎஸ் என்று ஒருமுறை தேடிப் பார்க்கும்படி வேண்டுகிறோம். பாஸ்வேர்டைத் தேட வேண்டாம். சோர்ஸ் கோடோடு வந்த, பில்டு அமைப்புகள் இருக்கும் கிரேடில் ஃபைலில் அது அப்படியே எழுதியிருந்தது.

இப்படிக்கு,
பிறர் செய்த ஆப்களைப் பராமரிக்கும் சிலர்,
மதுரை