விடுமுறை நாள் ஷிஃப்ட்டுக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

எல்லாரும் வீட்டில் கூடுகிற நாளில் உனக்கு மட்டும் ஒயின் ருசி பார்க்கும் டேஸ்டிங் ரூமில் ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள் என்று சொன்னபோது உன் குரலே இறங்கிப்போயிற்று. புதிதாகச் சேர்ந்தவர் தலையில்தான் விடுமுறை ஷிஃப்ட் விழும். அந்த வேலையில் இருந்தபோது என் தலையிலும் விழுந்தது. போகப்போக நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். உன் அம்மாவுக்கு அதில் இன்னமும் கோபம்தான்.

மற்ற நாட்களில் ஒயினுக்காக வருகிறார்கள். விடுமுறையன்று வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குள் அடைந்து கிடக்க முடியாமல் வருகிறவர்கள். எட்டுப் பேர் சேர்ந்து வந்தால் அதில் ஒருவருக்கு எல்லாம் தெரியும், இரண்டு பேர் இழுத்து வரப்பட்டவர்கள், ஒருவர் வண்டி ஓட்டவேண்டியவர். அவர்களிடம் மண், பீப்பாய், திராட்சை ரகம் என்று பாடம் எடுக்காதே. கேட்டால் சொல், போதும்.

கதவு திறப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்கவேண்டும். ஒவ்வொரு கிளாஸையும் மூக்கருகில் கொண்டுபோய்ப் பார். சோப்பு வாடையோ அலமாரி வாடையோ இருந்தால் ஒயின் என்ன செய்தும் பயனில்லை. துடைக்கும்போது ஒரு கையால் அடிப்பாகத்தையும் மறு கையால் கிண்ணத்தையும் பிடித்து முறுக்காதே; காம்பு ஒடிந்து உள்ளங்கையைக் கிழித்துவிடும். எந்தப் பகுதியைத் துடைக்கிறாயோ அதையே பிடி. அன்று சென்ட், வாசனை கிரீம் எதுவும் வேண்டாம்.

வெள்ளை ஒயினை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, சரி, குளிரோடு, ஊற்றாதே. 4 டிகிரியில் வாசனை எழும்பாது. 8 முதல் 12 டிகிரி வரை வரட்டும். சிவப்புக்கு எதிர்ப் பிரச்சினை: கூட்டம் கூடக்கூட அறை சூடாகும், 18 டிகிரியைத் தாண்டினால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும். கொஞ்ச நேரம் ஐஸ் வாளியில் வை, யாராவது முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

திறக்கிற ஒவ்வொரு பாட்டிலையும் முதலில் நீ முகர்ந்து பார். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் கார்க்கில் கோளாறு. டிசிஏ என்ற ஒரு சேர்மம் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே ஒயினைக் கெடுத்துவிடும். உடம்புக்குத் தீங்கில்லை, ஆனால் பழ வாசனை செத்துப்போகும். வாடிக்கையாளரோ, "இந்த ஒயினே இப்படித்தான் போல" என்று நினைத்துப் பேசாமல் போய்விடுவார். அவசரத்தில் முதலில் தவறிப்போவது இந்த முகர்தல்தான்.

இனி அளவு. நான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். 750 மில்லி பாட்டிலில் 30 மில்லி வீதம் 25 பேருக்கு ஊற்றலாம். ஐந்து வகை ருசி பார்த்தால் ஒருவருக்கு 150 மில்லி, அதாவது ஒரு சாதாரண கிளாஸ் ஒயின். கூட்டத்தின் உற்சாகத்தில் கை தளர்ந்து 50 ஆனால் அதே ஐந்து வகை 250 மில்லி. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. அவர் ஒன்றும் கூடுதலாகக் கேட்கவில்லை, நீ கொடுத்திருக்கிறாய். பண்டிகை நாளில் தாராளம் என்று யாரும் சொல்லட்டும், உன் கை 30ஐத் தாண்டவேண்டாம்.

நுரை ஒயினை "டப்" என்று வெடிக்கச் சொல்லிக் கத்துவார்கள். பாட்டிலுக்குள் கிட்டத்தட்ட 6 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. கட்டைவிரலைக் கார்க்கின் மேலிருந்து எடுக்காமல் அதை இறுக்கிப் பிடித்திருக்கும் கம்பிக்கூட்டை ஆறு அரைச்சுற்றுத் தளர்த்து, பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, கார்க்கை அசைக்காமல் பாட்டிலைத் திருப்பு. ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம்தான் வரவேண்டும். ஏமாற்றமடைவார்கள், அடையட்டும்.

"எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லையே" என்று கூச்சப்படுகிறவர்கள் வருவார்கள். அவர்களுக்கு பிரான்சின் போர்தோ கதையைச் சொல். 2001ல் வெளியான ஆய்வு அது. ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளையே அதற்கும் எழுதினார்கள். படித்தவர்களுக்கே கண் முந்திக்கொள்கிறது என்றால் இவர்கள் எதற்கு வெட்கப்படவேண்டும்?

தனியாக வருகிறவர்களிடம் "இன்று தனியாகவா?" என்று மட்டும் கேட்டுவிடாதே. ஒரு விடுமுறை நாளில் ஒரு அம்மா கவுண்டரின் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டிலின் பின்பக்க லேபிளையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். மூன்றாவதில் ஓர் எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்து, என் பேனாவை வாங்கித் திருத்தியும் கொடுத்தார். ருசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது அந்தப் பாட்டிலையே விலைக்கு வாங்கிக்கொண்டு போனார். அவரிடம் எதற்கு ஆறுதல் பேசவேண்டும்?

யாருக்காவது போதை ஏறிவிட்டது என்று தோன்றினால் முதலில் தண்ணீரையும் ரொட்டியையும் முன்னால் வை. குரல் உயர்கிறதா, ஒரே கதையைத் திரும்பச் சொல்கிறாரா, பார். அடுத்ததை ஊற்றாதே. நண்பர்கள் எதிரில் மறுத்தால் மானப் பிரச்சினையாகிவிடும். கூட வந்தவரில் நிதானமான ஒருவரைத் தனியே கூப்பிட்டுச் சொல். வண்டி ஓட்டுகிறவருக்குக் கேட்காமலே அதே ஒயின் கிளாஸில் திராட்சைச் சாறு கொடு. ருசி பார்த்த ஒயினை விழுங்காமல் துப்பும் பாத்திரம் எல்லார் கைக்கும் எட்டுகிற மாதிரி இருக்கட்டும், அதில் நீயே முதலில் துப்பிக் காட்டினால் அவர்களுக்கும் கூச்சம் போகும்.

நீ வெறும் வயிற்றோடு போகாதே. பழைய செருப்பு, நல்ல குஷன் வைத்தது, அதையே போட்டுக்கொள். இங்கே எங்கள் விருந்தை உனக்கு லீவு கிடைக்கிற நாளுக்குத் தள்ளிவைத்துவிட்டோம். உன் அண்ணன் முணுமுணுத்தான், பிறகு ஒத்துக்கொண்டான். ஷிஃப்ட் பட்டியல் கைக்கு வந்ததும் தேதியைச் சொல், அம்மா சாமான் வாங்கவேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா