வாக்காளர் சீட்டு தமிழிலும் வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்
சித்தூர் தாலுகா கிழக்கு எல்லையோரத் தமிழ் வாக்காளர்கள்

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் மற்றும் மாவட்டத் தேர்தல் அதிகாரி அவர்கள்,
பாலக்காடு

நாள்: 12.06.2024

பொருள்: வாக்காளர் சீட்டு, சாவடி அறிவிப்புப் பலகை ஆகியவற்றைத் தமிழிலும் தருதல், பட்டியலில் பெயர், வீட்டுப் பெயர் பிழைகளைத் திருத்துதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலந்தாவளத்திலிருந்து மீனாட்சிபுரம் வரை எல்லையை ஒட்டி தென்னையும் நிலக்கடலையும் நெல்லும் வைத்துப் பிழைக்கிறவர்கள் நாங்கள். வீட்டில் தமிழ், சந்தையில் இரண்டும், ஆபீஸில் மலையாளம். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுத 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருவதால், இந்த மனுவைத் தமிழில் எழுதுகிறோம். கையெழுத்திட்ட மற்றவர்களின் சார்பாக, என் வீட்டில் நடந்ததையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

மக்களவைத் தேர்தல் நடந்த ஏப்ரல் 26 அன்று என் அம்மா ஓட்டுப் போடப் போனார். வயது எழுபதைத் தாண்டியவர். மலையாளம் பேசினால் அவருக்கு நன்றாகப் புரியும், மலையாள எழுத்து மட்டும் தெரியாது. எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு பூத். ஒன்று கிழக்குக் கட்டிடத்தில், இன்னொன்று மேற்கில். எது என்று சீட்டில் மலையாளத்தில் அச்சடித்திருந்தது. அம்மா தெரிந்த முகங்கள் நின்ற வரிசையில் போய் நின்றுகொண்டார். பாலக்காட்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டிய வாரம் அது. ஒன்றரை மணி நேரம் நின்று உள்ளே போனபின், "இந்த பூத் இல்லை, அந்தப் பக்கம்" என்றார்கள். அந்தப் பக்கம் போய் மறுபடி வரிசை. அங்கே பெயர் சிக்கல். அம்மாவின் பெயர் "ஆத்தாள்" என்று முடியும். பட்டியலில் அது "அத்தால்" ஆகியிருந்தது. ஆதாரையும் பட்டியலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஆள் யார் என்பது உறுதியானால் சிறு எழுத்துப் பிழையைப் பொருட்படுத்த வேண்டாம் என்று தேர்தல் ஆணையமே சொல்லியிருப்பதை நான் எடுத்துச் சொன்ன பிறகுதான் விரலில் மை வைத்தார்கள். நான் கூடப் போயிருக்காவிட்டால் அம்மா வீட்டுக்குத் திரும்பியிருப்பார். அப்படித் திரும்பியவர்கள் இந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

வீட்டுப் பெயர் இன்னொரு கூத்து. எங்கள் தெருவில் யாருக்கும் வீட்டுப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். படிவத்தில் அந்த இடத்தைக் காலியாக விடக்கூடாதென்று விவரம் எழுத வந்தவர் "களம்" என்று போட்டுவிட்டார். இப்போது வரிசையாக ஆறு வீடும் "களம்". ஒரு வீட்டுச் சீட்டு இன்னொரு வீட்டுக்குப் போவதில் ஆச்சரியம் என்ன?

ஓட்டுக் கேட்டு வந்த ஜீப்புகளுக்கு எங்கள் மொழி நன்றாகத் தெரிந்திருந்தது. மைக்கில் தமிழ், சுவரில் தமிழ், நோட்டீஸில் தமிழ். பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாட்டிலிருந்து எங்களுக்கு வர வேண்டிய 7.25 டி.எம்.சி. தண்ணீரைப் பற்றி எல்லாக் கட்சிக்காரர்களும் சுத்தமான தமிழில் பேசினார்கள். ஓட்டுக் கேட்கிறவர்களுக்குத் தெரிந்த தமிழ், ஓட்டுப் போடச் சொல்லி வருகிற அரசுக் காகிதத்தில் மட்டும் ஏன் இல்லை?

எந்தக் கட்சிக்காகவும் நாங்கள் இதை எழுதவில்லை. எங்கள் ஆலத்தூர் மக்களவைத் தொகுதியில் 2019-இல் வெற்றி வித்தியாசம் ஒன்றரை லட்சத்துக்கு மேல். இந்த முறை 20,111. இப்படி நெருங்கி வரும் போட்டியில், வாசல் வரை போய்த் திரும்பிய ஒவ்வொரு ஓட்டும் கணக்கில் வர வேண்டியதுதானே?

எனவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான். தமிழர்கள் கூடுதலாக உள்ள சாவடிகளுக்கு வாக்காளர் சீட்டை இரு மொழியிலும் அச்சிட வேண்டும். அது உடனே முடியாவிட்டால், சாவடியின் பெயரையும் எந்தக் கட்டிடம் என்பதையுமாவது தமிழில் சேர்க்க வேண்டும். வாசல் பலகையும் அதேபோல. பெயர்ப் பிழைகளுக்கு வீட்டுக்கு வீடு படிவம் 8 (பட்டியல் திருத்த விண்ணப்பம்) வாங்கி, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்துச் சரிபார்க்க வேண்டும். "களம்" பிரச்சினையும் அதோடு தீர்ந்துவிடும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். பொள்ளாச்சியில் ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19-ஆம் தேதியே முடிந்துவிட்டது. அங்கே தோப்பு வேலைக்குப் போகிற எங்கள் ஆட்கள் 26-ஆம் தேதி லீவு கேட்டபோது, "போன வாரம்தானே தேர்தல்?" என்று முதலாளிகள் நம்பவில்லை. சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்று தமிழில் அச்சடித்த அறிவிப்பு ஒன்று கையில் இருந்திருந்தால் காட்டியிருப்பார்கள். அதையும் தேர்தலுக்கு முன்பே கிடைக்கச் செய்யுங்கள்.

உள்ளாட்சித் தேர்தல் வேறு ஆணையத்தின் பொறுப்பு என்பது தெரியும். சட்டமன்றத் தேர்தலுக்குள் இவற்றைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அம்மாவின் வாக்காளர் சீட்டின் நகலை இணைத்துள்ளோம். பதிலைத் தமிழில் அனுப்பினால் அவரே படித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
எல்லையோர வாக்காளர்கள்