ரிவால்வரும் மணியும்

ஆஸ்டின், டெக்சாஸ்

அன்புள்ள சேகர்,

புது ரிவால்வரைப் பற்றியும் உன் நாய் மணியைப் பற்றியும் கேட்டிருந்த உன் கடிதம் கிடைத்தது. ரூகர் ஜிபி100, 4.2 அங்குல பேரல், ஆறு தோட்டா, சக்தி மிகுந்த .357 மேக்னம் தோட்டாவுக்கானது. பண்ணைக்கு இதைவிடப் பொருத்தமான ரிவால்வர் கிடைக்காது. மணியை வேறு நல்ல கைக்கு மாற்றிவிடலாம் என்ற முடிவும் சரிதான், அதை நினைத்து மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. ஒன்றை மட்டும் முதலில் கேள். மணி அங்கே இருக்கிறவரை வீட்டுப் பக்கம் ஒரு தோட்டாகூட வெடிக்கக் கூடாது. மந்தை மேய்க்கும் இனங்களில் சத்தத்துக்கு மிரளும் நாய்கள் நிறைய உண்டு. ஒரு மேக்னம் வெடிக்கு மிரண்டால், பிறகு இடிக்கும் நடுங்கும், கதவு அடிக்கும் சத்தத்துக்கும் நடுங்கும். கணுக்காலைக் கவ்வுகிற நாய்க்கு இடம் பார்ப்பதே கஷ்டம். அதில் பயமும் சேர்ந்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். சுடுவதைச் சுடும் பயிற்சிக் களமான ரேஞ்சிலேயே வைத்துக்கொள்.

ரேஞ்சுக்குப் போகும் முன் மேசையில் வைத்துப் பார்க்க வேண்டியது இருக்கிறது. சிலிண்டரைத் திறந்து அதிலுள்ள ஆறு தோட்டா அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய். பிறகு சிலிண்டரைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பிடித்தபடி, பின்னாலுள்ள சுத்தியலான ஹேமரை மெதுவாகப் பின்னுக்கு இழு. ஹேமர் முழுதாகப் பின்னுக்கு வந்து நிற்பதற்குள் சிலிண்டர் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் இப்படியே பார். ஓர் அறை பூட்டாவிட்டாலும் சுடாதே, கம்பெனிக்கு அனுப்பு. அறை பேரலுக்கு நேராக நிற்காவிட்டால் தோட்டா விளிம்பில் உரசி ஈயச் சிதறல் பக்கவாட்டில் தெறிக்கும். அடுத்து சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவிலுள்ள இடுக்கை, மெல்லிய அளவுத் தகடுகளான ஃபீலர் கேஜ் வைத்து அள. அங்குலத்தில் ஆயிரத்தில் 4 முதல் 8 பங்கு இருந்தால் நல்லது. அதைவிடக் குறைந்தால் கரி படிந்து சிலிண்டர் உரசி நிற்கும், கூடினால் வாயு வீணாகக் கசியும். எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்த இடுக்கில் சூடான வாயு பீறிடத்தான் செய்யும். நீ இத்தனை நாள் பிஸ்டல் பிடித்த பழக்கத்தில் இடது கட்டைவிரலை முன்னால் நீட்டாதே, விரல் கிழிந்துவிடும்.

முதல் 50 ரவுண்டு, மேக்னத்தைவிட மிதமான .38 ஸ்பெஷல் தோட்டா, எடை 158 கிரெயின், 7 கெஜ தூரத்தில். .357 உறை .38-ஐவிட ஏறக்குறைய அரைக்கால் அங்குலம் நீளம், அதனால்தான் .38 இதில் போகிறது. ஆனால் குட்டை உறையைச் சுடச்சுட அதன் வாய் முடிகிற இடத்தில் கரி வளையம் ஒன்று படியும். அதற்குமேல் மேக்னம் போட்டால் முழுதாக இறங்காது, இறங்கினாலும் சுட்ட பிறகு சிக்கும். மேக்னத்துக்கு மாறும் முன் வெண்கலத் தூரிகையால் ஒவ்வோர் அறையையும் தேய்த்துவிடு.

குறி விஷயத்தில் நிறையப் பேர் தலைகீழாக நினைக்கிறார்கள். கனமான தோட்டா மேலே அடிக்கும், லேசான தோட்டா கீழே அடிக்கும். கனமானது மெதுவாகப் போவதால் பேரலுக்குள் சற்று அதிக நேரம் இருக்கிறது, அதற்குள் உதைப்பில் பேரல் மேலெழும்பிவிடுகிறது. ஆகவே 125 கிரெயினா, 158 கிரெயினா என்று முடிவு செய்த பிறகு, பின்பக்கக் குறிகாட்டியான பின்சைட்டின் திருகைத் தொடு.

காலி உறைகளை வெளியேற்றும்போது பேரலை வானத்தைப் பார்த்து நிறுத்தி, உறைகளை வெளியே தள்ளும் எஜெக்டர் கம்பியை ஒரே அடியாக அடி. தயங்கித் தள்ளினாலோ, பேரல் தாழ்ந்திருந்தாலோ எரியாத வெடிமருந்துத் துகள், உறைகளைத் தூக்கும் நட்சத்திர வடிவத் தகட்டுக்கு அடியில் போய் உட்காரும். பிறகு சிலிண்டர் மூடாது, மூடினாலும் சுற்றாது. புதுத் துப்பாக்கியில் கோளாறு என்று கொண்டுவருவது பல நேரம் இந்தத் துகளால்தான், பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். சத்தம் ‘புஸ்’ என்று அடங்கி வந்தால் மட்டும் அடுத்த தோட்டாவைச் சுடவே சுடாதே. முந்தையது பேரலிலேயே நின்றிருக்கலாம்.

இனி மணி. அவன் கடிப்பது கெட்ட குணத்தால் இல்லை. ஆஸ்திரேலியன் ஷெப்பர்டுக்குப் பெயரில்தான் ஆஸ்திரேலியா. அமெரிக்க மேற்கின் பண்ணைகளில், மாட்டையும் ஆட்டையும் நகர்த்த வளர்த்தெடுத்த இனம் அது. நகர்வதை மடக்கு என்று அதன் ரத்தம் சொல்கிறது. மடக்க மந்தை இல்லாததால் சைக்கிளையும் குழந்தைகளையும் மடக்குகிறான். ஆகவே முதலில் நாய்க்குப் பழகிய ஆடுகள் வைத்திருப்பவரிடம் கூட்டிப்போ. சின்ன வட்டப் பட்டி, ஐந்தாறு ஆடு, கழுத்தில் நீளக் கயிறு. ஆடுகளைச் சுற்றி வளைத்து ஓடினால் பண்ணைக்காரருக்குத் தயங்காமல் கொடுக்கலாம். நேரே பாய்ந்து பிரித்து ரோமத்தைக் கவ்வினால், நாய் பழக்கத் தெரிந்தவருக்கு மட்டும்.

‘இலவசம்’ என்று விளம்பரம் போடாதே, யார் யாரோ வருவார்கள். சின்னக் குழந்தைகள் உள்ள வீடு வேண்டாம், வேலி ஆறடி இருக்கட்டும். கவ்வியதை மறைக்காமல் எழுதிக் கொடு: எந்தத் தேதி, யாரை, எதற்கு முன்னால் என்ன நடந்தது, தோல் கிழிந்ததா. மறைத்துக் கொடுத்த நாய் இரண்டே வாரத்தில் திரும்பி வரும், இல்லையென்றால் உயிரை முடிக்கும் ஊசிக்குப் போகும். அவனுக்குத் தெரிந்த கட்டளைகளை நீ சொல்கிற அதே சொல்லில் எழுது. ‘உட்கார்’ என்று தமிழில் பழகியவனிடம் ஆங்கிலத்தில் அதட்டினால் விழிப்பான்.

சில மருந்துகள் நாய்க்கு விஷமாகுமா என்று காட்டும் எம்.டி.ஆர்.1 மரபணுப் பரிசோதனையை, மணியைக் கொடுப்பதற்கு முன்பே செய்துவிடு, கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் துடைத்து அனுப்பினால் போதும். இந்த இனத்தில் ஏறக்குறைய பாதி நாய்களிடம் அந்த மரபணுக் குறை இருக்கிறது. மாதாமாதம் கொடுக்கும் இதயப்புழு மாத்திரையின் அளவு ஆபத்தில்லை. ஆனால் குதிரைக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் என்ற புழுநீக்கப் பசையை நக்கினாலோ, மருந்து கொடுத்த குதிரையின் புதுச் சாணத்தைத் தின்றாலோ உயிருக்கே ஆபத்து. வயிற்றுப்போக்குக்குத் தரும் லோபரமைடும் ஆகாது. அவன் போகப்போவது குதிரை உள்ள பண்ணை என்றால் இதைக் காகிதத்தின் உச்சியிலேயே எழுது.

கொடுக்கும் நாளில் ரேபீஸ் தடுப்பூசிச் சான்றிதழ், மைக்ரோசிப் பெயர் மாற்றம், இரண்டு வாரம் பார்த்துவிட்டு ஒத்துவராவிட்டால் உனக்கே திருப்பித் தருவதாக ஒரு கையெழுத்து. ஓடிப்போகிற நாய்கள் பெரும்பாலும் முதல் சில நாளில்தான் ஓடும். கழுத்துப் பட்டை, மார்புப் பட்டை இரண்டிலும் தனித்தனிக் கயிறு மாட்டச் சொல். அவன் படுத்த போர்வையைத் துவைக்காமல் கூடவே அனுப்பு.

கெர்வில் பக்கம் ஆடு வைத்திருக்கும் ஒருவரிடம் பேசியிருக்கிறேன், பட்டியில் விட்டுப் பார்க்கச் சம்மதித்தார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறேன். மணிக்குக் காலையில் சாப்பாடு போடாதே, வெறும் வயிற்றில் ஓடட்டும். ஃபீலர் கேஜும் எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
ராஜு