பத்துக் கை அம்மா

அன்புள்ள நித்யாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சளி மட்டும் விட்டபாடில்லை.

நீ எடுக்கப் போகும் விளம்பரப் படத்துக்கு எழுதி அனுப்பிய கதையைப் படித்தேன். வேலைக்குப் போகும் அம்மாவுக்குப் பத்துக் கை. ஒன்றில் லேப்டாப், ஒன்றில் தோசைக் கரண்டி, ஒன்றில் டயப்பர். சிரிப்பு வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. அப்பா என்னைவிடப் பலமாகச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "காபி ஆச்சா?" என்றார். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. பத்துக் கை உள்ளவளுக்கு யார் வந்து ஒத்தாசை செய்யப் போகிறார்கள்?

2014-இல் அமெரிக்காவில் வந்த 'உலகத்திலேயே கஷ்டமான வேலை' விளம்பரத்தை எனக்குக் காட்டியவளே நீதான். ஏதோ பெரிய டைரக்டர் வேலை என்று நம்பி இன்டர்வியூவுக்கு வருகிறார்கள். வாரத்துக்கு 135 மணி நேரத்துக்கு மேல் உழைக்கணும், லீவு கிடையாது, சம்பளமும் கிடையாது என்று கேட்பவர் அடுக்க அடுக்க, வந்தவர்கள் திருதிருவென்று முழிக்கிறார்கள். கடைசியில், இந்த வேலையைச் செய்வது அம்மாக்கள் என்றதும் எல்லோருக்கும் கண் கலங்குகிறது. சரி, இவ்வளவும் எதை விற்க? அன்னையர் தின வாழ்த்து அட்டை! பிரசவத்துக்குச் சம்பளத்தோடு லீவு என்று நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் இல்லாத தேசம் அது. 1993-இல் வந்த சட்டம் 12 வாரம் தருகிறது, சம்பளம் இல்லாமல், அதுவும் எல்லோருக்கும் இல்லை. லீவு கேட்டவளுக்கு அட்டையா?

லண்டன்காரர்களின் குறும்பு எனக்குப் பிடித்திருந்தது. 2024 செப்டம்பரில் 'தி டாட் ஷிஃப்ட்' என்ற அமைப்பினர், ஊரிலிருக்கும் பெரிய மனிதர்களின் வெண்கலச் சிலைகளுக்கு நெஞ்சோடு தூளி கட்டி, உள்ளே குழந்தை பொம்மையை வைத்துவிட்டார்கள். ரயில் பாதை போட்ட புரூனலுக்கும் பிள்ளை, கால்பந்து வீரர் தியரி ஹென்றிக்கும் பிள்ளை! அங்கே பிள்ளை பிறந்தால் அப்பாக்களுக்குச் சட்டப்படி கிடைக்கும் லீவு இரண்டே வாரம். அதைக் கூட்டச் சொல்லிக் கேட்டார்கள். புருஷனுக்கும் லீவு இருந்தால்தானே பெண்டாட்டி நிம்மதியாக வேலைக்குத் திரும்புவாள்? பார்த்தவர் சிரித்திருப்பார், என்ன கேட்கிறார்கள் என்பதும் விளங்கியிருக்கும்.

நம் நாட்டுப் பிரசவ லீவுச் சட்டத்தையும் கொஞ்சம் படித்துப் பார். 2017-இல் திருத்தியபோது முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு லீவை 26 வாரம் ஆக்கினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு தடவை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றும் இருக்கிறது.

எனக்கு அதெல்லாம் ஏது? உன்னைப் பெற்று மூன்று மாதத்தில் கவுன்டரில் உட்கார்ந்தாயிற்று. பதினொரு மணிக்குப் பால் கட்டிக்கொண்டு ரவிக்கை நனைந்துவிடும். பாத்ரூமில் போய்ப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வருவேன். நீ நாலு தெரு தள்ளி ஆச்சியிடம் அழுதுகொண்டிருப்பாய். ஒரு எட்டு வீட்டுக்குப் போய் வரட்டுமா என்று கேட்டதற்கு, "எழுதிக் கொடுங்க, பார்க்கலாம்" என்றார் அதிகாரி. சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கக் கீழே இறங்கினார். அன்றைக்கு அது எத்தனையாவது டீ என்று யாரும் எழுதி வாங்கவில்லை.

அதைப் படமாக எடு, நித்யா. காப்பகத்துக்குக் கிளம்பும் பெண்ணிடம் மேனேஜர், "மறுபடியுமா?" என்கிறார். கையில் சிகரெட், வாயில் வடை. டீக்கடைக்காரர் நோட்டைப் புரட்டி, "சார், உங்களுக்கு இது ஆறாவது" என்கிறார். கீழே சட்டம் ஒரே வரியில் வரட்டும். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேச வேண்டாம், பாவமாக முகத்தை வைத்துக்கொள்ளவும் வேண்டாம். பின்னணியில் அம்மா பாட்டு போட்டாயோ, கொன்றுவிடுவேன்.

விளம்பரம் கொடுக்கிற கம்பெனிக்காரர் இதெல்லாம் வம்பு என்று தயங்கினால், அவர் ஆபீசில் காப்பகம் எந்த மாடியில் இருக்கிறது என்று கேட்டுப் பார்.

இப்படிக்கு,
அம்மா