அப்பாவின் பழைய ரிப்போர்ட்

கொட்டகலை,
ஞாயிறு இரவு.

அன்பு மகன்,

நீ வாட்சப்பில் அனுப்பிய ரிப்போர்ட்டை மூன்று தரம் பார்த்துவிட்டேன். ஈரல் பரிசோதனையில் ஏ.எல்.டி 84, ஏ.எஸ்.டி 49. "நான் குடிக்கிறதே இல்லையே அம்மா, லேப்தான் பிழை விட்டிருக்கும்" என்கிறாய். நீ குடிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். அதற்காக இதை அப்படியே விட்டுவிடாதே.

அப்பாவைக் கிளினிக்குக் கூட்டிப் போன நாட்களில் ஒரு டொக்டர் எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார். ஏ.எல்.டி, ஏ.எஸ்.டி என்ற இந்த நொதியங்கள் ஈரல் கலங்களுக்குள் இருப்பவை. கலம் காயப்பட்டால் இரத்தத்தில் கசியும். தேயிலைக் கொழுந்தைச் சாக்கில் அமுக்கித் திணித்தால் கசங்கிச் சிவந்துவிடும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கொட்டும்போது கை வைத்தால் சூடே தெரியும். ஆனால் யார் அமுக்கினார்கள் என்று கொழுந்து சொல்லாது. உன் ரிப்போர்ட்டும் அப்படித்தான். ஏதோ கசங்கியிருக்கிறது, காரணத்தை இனித்தான் தேட வேண்டும்.

அநேக லேப்களில் மேல் எல்லை 40 அளவில் இருக்கும். உன் ஏ.எல்.டி அதைப்போல இரண்டு மடங்கு. வைரஸ் மஞ்சள்காமாலையிலும், பெனடோலை அளவுமீறி விழுங்கினாலும் ஆயிரக்கணக்கில் ஏறுமாம். உன்னுடையது அவ்வளவு இல்லை, அதனால் பயந்து நித்திரையைக் கெடுத்துக்கொள்ளாதே. ஏ.எஸ்.டி தசையிலும் இருக்கிறது. நீ ஜிம்முக்குப் போவதையும் டொக்டரிடம் சொல்.

எனக்கு உன் வயிற்றைப் பார்த்துத்தான் யோசனை. கொழும்புக்குப் போகும்போது 72 கிலோ, இப்போது 86. இரவில் கொத்து ரொட்டி, கடையில் நின்றபடியே சோடா. குடிக்காதவர்களுக்கும் ஈரலில் கொழுப்புப் படியும், மகன். ஆறிலிருந்து எட்டு கிலோ குறைத்தாலே ஈரல் நன்றாகத் தேறும். மெதுவாகக் குறை, பட்டினி கிடக்காதே.

அப்பாவின் கதையை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. முதல் ரிப்போர்ட்டில் ஏ.எஸ்.டி 190, ஏ.எல்.டி 80. ஏ.எஸ்.டி, ஏ.எல்.டியைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் சாராயத்தைச் சந்தேகிப்பார்கள். மூன்று வருஷம் கழித்து 46, 31 என்று வந்தது. குறைந்துவிட்டது என்று அட்டனில் இறங்கி உனக்குக் கேக் வாங்கினேன். அன்றைக்கே அவருக்குச் செருப்புக்குள் கால் நுழையவில்லை, அவ்வளவு வீக்கம். அதே தாளில், ஈரல் செய்கிற அல்புமின் என்ற புரதம் குறைந்திருந்ததை நான் பார்க்கவே இல்லை. ஈரல் இறுகிச் சுருங்கிவிட்டால் கசிவதற்குக் கூடக் கலம் மிச்சமிருக்காது என்று அப்புறம்தான் விளங்கியது. அந்தத் தாள் இன்னும் தகரப் பெட்டியில் கிடக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், இரண்டு எண்களோடு நிற்காதே. ஹெப்படைடிஸ் பி, சி வைரஸ் இரண்டுக்கும் பார்க்கும்படி டொக்டரிடம் சொல். ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேள். தலையிடிக்குப் போடும் பெனடோல், ஜிம்மில் தரும் பவுடர், சித்தி கொடுத்துவிட்ட கசாயம், ஒன்றையும் மறைக்காதே. கீழ்காய்நெல்லியையும் டொக்டரைக் கேட்காமல் குடிக்காதே. திரும்ப டெஸ்டுக்கு இரத்தம் கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே பாரம் தூக்குவதை நிறுத்திவிடு.

செவ்வாய்க்கிழமை டொக்டரைப் பார்த்ததும் கோல் எடு. எத்தனை மணியானாலும் சரி, முழித்திருப்பேன்.

உன் அம்மா